குரோம்புக்கைத் துடைத்து எழுதும் முன் ஐந்து நிமிடம்: மீட்பு மென்பொருளை நிறுவுவதும் பயன்படுத்துவதும்



நீண்ட விடுமுறை முடிந்து கணினி அறை அலமாரியைத் திறக்கிறீர்கள். ஒரு குரோம்புக்கை எடுத்துச் சார்ஜில் போட்டு இயக்குகிறீர்கள். வழக்கமான நுழைவுப் பக்கம் வரவில்லை. ‘குரோம் ஓஎஸ் காணவில்லை அல்லது பழுதாகிவிட்டது, மீட்புப் பென்டிரைவைச் செருகவும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் நிற்கிறது. பின்னால் நிற்கும் மாணவன், “செத்துப் போச்சு லா டீச்சர்!” என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறான்.

பெரும்பாலும் அது சாகவில்லை. வீட்டிலோ பள்ளியிலோ இருக்கும் இன்னொரு கணினி, ஒரு பென்டிரைவ், இணையம் இவை மூன்றும் இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளைக் கொண்டு நாமே அதை எழுப்பிவிடலாம். செய்முறை கஷ்டமே இல்லை. எப்போது செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். அதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்னும் வலிக்கிறது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் பணியாற்றும் ஆசிரியை. பள்ளியில் கணினி என்றால் எல்லாரும் என்னைத்தான் தேடுவார்கள். கணினி படித்தவள் என்பதால் அல்ல, “தெரியாது” என்று சொல்லத் தெரியாததால்! ஒருநாள் என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது ஆறாம் படிவம் படிப்பவள், தன் சொந்தக் குரோம்புக்கோடு வந்தாள். மேலே சொன்ன அதே அறிவிப்பு. அடுத்த வாரம் இடுபணி ஒப்படைக்க வேண்டும், டீச்சர் எப்படியாவது பாருங்கள் என்றாள். நானும் பெருமையாகப் பென்டிரைவைச் செருகி, அரை மணி நேரத்தில் புத்தம் புதிதாக ஆக்கிக் கொடுத்தேன். அவள் உள்ளே நுழைந்து ஒவ்வோர் இடமாகத் தேடினாள். “டீச்சர், பாட்டியோட பேட்டி எங்கே?” என்று கேட்டாள். மலையடிவாரச் சந்தையில் பல ஆண்டுகள் பூ விற்ற தன் பாட்டியைப் பேசவிட்டு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தாளாம். அது அந்தக் கணினியில் மட்டுமே இருந்தது. நான் அழித்துவிட்டேன்.

அதைவிடக் கொடுமை, பிறகு படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அன்றைக்கு நான் அழித்திருக்கவே வேண்டியதில்லையோ என்னவோ. ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

ஃபெர்ம்வேர் என்பது என்ன?

கணினியின் சில்லில் எழுதப்பட்டிருக்கும் அடிப்படை நிரலைத்தான் ஃபெர்ம்வேர் என்கிறோம். தமிழில் நிலைப்பொருள். நம் பள்ளியின் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து கதவைத் திறப்பவர் அவர்தான். அவர் திறந்த பிறகுதான் தலைமையாசிரியர், ஆசிரியர், மாணவர் எல்லாரும் உள்ளே வர முடியும். மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது இந்த ஃபெர்ம்வேர். அது திரையையும் விசைப்பலகையையும் தயார் செய்து, இயங்குதளத்தைத் தேடி எழுப்பும்.

குரோம்புக்கின் ஜாகா கொஞ்சம் கறாரானவர். இயங்குதளத்தில் தயாரிப்பாளரின் எண்முறைக் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிப்பார். முத்திரை சரியில்லை என்றால் கதவைத் திறக்கமாட்டார். அப்போது வருவதுதான் அந்த அறிவிப்பு. அதாவது, ‘காணவில்லை’ என்ற வரியைப் படிக்க முடிகிறது என்றாலே ஜாகா உயிரோடு இருக்கிறார், அவர்தான் பேசுகிறார் என்று அர்த்தம். அவருடைய முக்கியமான பகுதி மாற்றி எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். அதனால்தான் நாம் செய்யப்போகும் மீட்பு பாதியில் நின்றுபோனாலும் கணினி ஒரேயடியாகக் கெட்டுவிடாது. மறுபடியும் ஆரம்பிக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் மடிக்கணினியின் பயாஸைப் புதுப்பிப்பது வேறு வேலை. அங்கே ஜாகாவையே மாற்றுகிறோம். பாதியில் மின்சாரம் போனால் கணினி எழுந்திருக்காமலே போகலாம். இணையத்தில் பல பக்கங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. குரோம்புக் மீட்பு என்பது இயங்குதளத்தை மட்டும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதும் வேலை. இதற்கு அந்த அளவு பயம் தேவையில்லை.

நம் பள்ளிகளுக்குக் குரோம்புக் வந்த கதை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1பெஸ்தாரிநெட் திட்டத்தின்போது, 2013இல், மலேசியாவின் 1 கோடி மாணவர், ஆசிரியர், பெற்றோருக்குத் தன் செயலிகள் போய்ச்சேரும் என்றும் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்குக் குரோம்புக் வரும் என்றும் கூகுள் அறிவித்தது. 2019இல் அத்திட்டம் முடிந்தது. 2020 ஜூனில் டெலிமா வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் செர்டிக் திட்டத்தின் வழி மடிக்கணினியும் டேப்லெட்டும் பல வீடுகளுக்குப் போயின. 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதற்காகச் சொல்லப்பட்ட இலக்கு 500 பள்ளிகளின் 150,000 மாணவர்கள். ஆக, இன்று நம் அலமாரிகளிலும் மாணவர் வீடுகளிலும் வயதான கருவிகள் நிறைய உண்டு. அறிவிப்புத் திரை இனி அடிக்கடி வரும்.

முதலில் அழிக்காமல் முயலுங்கள்

இப்போது நான் செய்த தவற்றுக்கு வருகிறேன். குரோம்புக்கில் எஸ்கேப், ரீஃப்ரெஷ் என்ற இரண்டு விசைகளையும் பிடித்துக்கொண்டு மின்விசையை அழுத்தினால் அது மீட்பு நிலைக்குப் போகும். பழைய குரோம்புக் பலவற்றில், இப்படி விசைகளை அழுத்தி அந்த நிலைக்குப் போனாலும் அதே ‘காணவில்லை அல்லது பழுது’ என்ற அறிவிப்புதான் வரும்! ஒரு தம்பி, தங்கை விளையாட்டாக விசைகளைச் சேர்த்து அழுத்தியிருந்தாலும் போதும். இயங்குதளம் நன்றாகவே இருக்கும், திரை மட்டும் பயமுறுத்தும்.

ஆகவே பென்டிரைவைத் தேடும் முன் இதைச் செய்யுங்கள். சுட்டி, பென்டிரைவ், எஸ்டி அட்டை என்று செருகியிருப்பவை எல்லாவற்றையும் கழற்றுங்கள். திரை அணையும்வரை மின்விசையைப் பிடித்திருங்கள். சார்ஜரைச் செருகி, கொஞ்ச நேரம் பொறுத்து, சாதாரணமாக இயக்குங்கள். எழுந்துவிட்டால் நல்லது. உடனே கோப்புகளை டிரைவுக்கு ஏற்றிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எழவில்லை என்றால், அடுத்தது வன்பொருள் மீட்டமைப்பு. கணினியை அணைத்துவிட்டு, ரீஃப்ரெஷ் விசையைப் பிடித்துக்கொண்டு மின்விசையை ஒருமுறை தட்டுங்கள். கணினி எழத் தொடங்கியதும் ரீஃப்ரெஷ்ஷை விட்டுவிடலாம். இதில் டவுன்லோட்ஸ் கோப்புறையில் உள்ள சில கோப்புகள் போக வாய்ப்பு உண்டு என்று கூகுளே எச்சரிக்கிறது. ஆனாலும் முழு மீட்பைப்போல எல்லாவற்றையும் துடைப்பதில்லை.

என் மாணவியின் கணினியில் நான் இந்த இரண்டில் ஒன்றைக்கூடச் செய்து பார்க்கவில்லை.

இரண்டும் பயன்படாமல், அதே அறிவிப்பு திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே மீட்புக்குப் போங்கள். அதற்கு முன் கணினியின் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. “உன் கோப்புகள் எங்கே இருக்கின்றன?” “உன் கணக்கின் கடவுச்சொல் ஞாபகம் இருக்கிறதா?”

கூகுள் டிரைவில் ஏற்றப்பட்டவை, கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்தவை, ஜிமெயில் ஆகியவை பத்திரம். வேறு எந்தக் கணினியிலிருந்தும் திறந்து இப்போதே உறுதிசெய்துகொள்ளலாம். போகப்போவது ‘மை ஃபைல்ஸ்’ பகுதியில், டவுன்லோட்ஸ் கோப்புறையில் உள்ளவை. திரைப்பிடிப்பு, குரல் பதிவு, புலனத்திலிருந்து இறக்கிய கேள்வித்தாள், ஆண்ட்ராய்டு செயலிக்குள் எழுதிய குறிப்பு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். எஸ்.பி.எம். மாணவர்கள் குறிப்பாகப் பாருங்கள், மாதிரித் தாள்களை எங்கே சேமித்திருக்கிறீர்கள் என்று.

“சேமிப்புச் சில்லைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்கலாமே?” என்று ஒரு சார் கேட்டார். குரோம்புக்கில் அது நடக்காது. ஒவ்வொரு பயனரின் கோப்புகளும் மறையாக்கம் செய்யப்பட்டு, அதே கணினியின் பாதுகாப்புச் சில்லோடும் கடவுச்சொல்லோடும் பிணைக்கப்பட்டிருக்கும். திருடனுக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, நமக்கும் கிடைக்காமல் செய்துவிடுகிறது.

மென்பொருளை நிறுவுதல்

இனி செய்முறை. முதலில் பழுதான குரோம்புக்கின் அறிவிப்புத் திரையை உங்கள் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அடியில் மாதிரி எண் ஒன்று எழுத்தும் எண்ணுமாகக் கலந்து இருக்கும். கணினியின் முதுகில் ஒட்டியிருக்கும் பெயர் வேறு, இது வேறு. நமக்கு வேண்டியது திரையில் உள்ளது.

பென்டிரைவ் 8 ஜிபி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதில் உள்ளதும் முழுதாக அழியும். “பள்ளிப் பென்டிரைவ்தானே” என்று கையில் கிடைத்ததை எடுத்தால், யாரோ ஓர் ஆசிரியரின் மதிப்பெண் பட்டியல் போய்விடும். வெறும் பென்டிரைவ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது உத்தமம்.

நன்றாக இயங்கும் விண்டோஸ் கணினியிலோ, மேக்கிலோ, இன்னொரு குரோம்புக்கிலோ குரோம் உலாவியைத் திறந்து, குரோம் வெப் ஸ்டோருக்குச் செல்லுங்கள். அங்கேயே ‘குரோம்புக் ரிகவரி யுட்டிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். வெளியிட்டவர் கூகுள்தானா என்று பார்த்துவிட்டு ‘ஆட் டு குரோம்’ பொத்தானை அழுத்துங்கள். அவ்வளவுதான் நிறுவல். உலாவியின் மேல் வலப்பக்கத்தில் உள்ள புதிர்த்துண்டு போன்ற சின்னத்தை அழுத்தினால், நிறுவிய நீட்டிப்பு பட்டியலில் தெரியும். டெலிமா கணக்கில் நுழைந்திருக்கும்போது நீட்டிப்பைச் சேர்க்கத் தடை வந்தால், உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கில் முயலுங்கள்.

நான் ஏன் ‘ஸ்டோருக்குள்ளேயே தேடுங்கள்’ என்கிறேன் தெரியுமா? வெளியே பொதுவாகத் தேடினால், முதலில் வரும் விளம்பர முடிவுகளில் ‘ஒரே கிளிக்கில் எந்தக் கருவியையும் பழுதுபார்க்கும்’ மென்பொருள்கள் வரிசைகட்டி நிற்கும். இலவசமாகச் சோதித்துக் காட்டும், பழுதை நீக்க மட்டும் பணம் கேட்கும். சில, நச்சுநிரலையே கொண்டுவந்து இறக்கும். நம் கணினியில் மாணவர் விவரங்கள் இருக்கின்றன. என் கருத்து இதுதான்: கருவியைத் தயாரித்தவர் இலவசமாகத் தரும் மென்பொருள் இருக்கும்போது மூன்றாம் ஆளுக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை.

பென்டிரைவைத் தயாரித்தல்

நீட்டிப்பைத் திறந்து ‘கெட் ஸ்டார்டெட்’ அழுத்துங்கள். உங்கள் குரோம்புக் எது என்று கேட்கும். படமெடுத்த மாதிரி எண்ணை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். பட்டியலிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒரே பெயரில் பல மாதிரிகள் இருப்பதால் எண்ணே நம்பிக்கை. எண்ணைத் தவறாகக் கொடுத்தால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, ஜாகா ஏற்கமாட்டார். உங்கள் நேரம்தான் வீண்.

அடுத்து, பென்டிரைவைச் செருகி, வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த இடத்தில் நிதானம். கணினியில் வேறு பென்டிரைவோ வெளி வன்தட்டோ செருகியிருந்தால் அதுவும் பட்டியலில் வரும். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் அதுதான் அழியும். மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. பிறகு ‘கன்டினியூ’, ‘கிரியேட் நவ்’.

இனி மென்பொருள் மீட்புக் கோப்பை இறக்கும், சரிபார்க்கும், பென்டிரைவில் எழுதும். கோப்பு ஜிபி கணக்கில் வருவதால் கைப்பேசித் தரவில் செய்தால் மாதக் கணக்கு கரைந்துவிடும். பள்ளி வைஃபையிலோ வீட்டு இணைப்பிலோ செய்யுங்கள். கணினி உறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மலையடிவாரத்தில் மாலையானால் மழையும் இடியும் சகஜம், ஆகவே காலையில் வைத்துக்கொள்வது என் வழக்கம். தயார் என்ற செய்தி வந்ததும் பென்டிரைவைக் கழற்றலாம். விண்டோஸ் கணினி இடையில் ‘இந்தத் தட்டை வடிவமைக்க வேண்டுமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். அதற்கு அந்தப் பென்டிரைவின் அமைப்பு புரியாததால் கேட்கிறது.

குரோம்புக்கை மீட்டல்

பழுதான குரோம்புக்கைச் சார்ஜரில் இணையுங்கள். எஸ்கேப், ரீஃப்ரெஷ் இரண்டையும் பிடித்துக்கொண்டு மின்விசையை ஒருமுறை அழுத்தி விடுங்கள். அறிவிப்பு வந்ததும் மற்ற விசைகளையும் விடலாம். விசைப்பலகை இல்லாத டேப்லெட் வகையாக இருந்தால், ஒலியைக் கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் மின்விசையையும் சேர்த்துக் குறைந்தது 10 விநாடி பிடிக்க வேண்டும். திரை கேட்கும்போது பென்டிரைவைச் செருகுங்கள். மீதி வேலையை அதுவே செய்யும். முடிந்தது என்று சொல்லும்வரை கழற்றாதீர்கள். புதிய குரோம்புக் சிலவற்றில் பென்டிரைவே இல்லாமல் இணையம் வழி மீட்கும் தெரிவு அறிவிப்புத் திரையிலேயே இருக்கும். அது தெரிந்தால் அதையே பயன்படுத்துங்கள், வேலை மிச்சம்.

மீண்டும் எழுந்ததும் மொழி, வைஃபை என்று புதுக் கணினி கேட்பதை எல்லாம் கேட்கும். கடவுச்சொல் தேவைப்படும் இடம் இதுதான். டெலிமா கடவுச்சொல்லை மறந்த மாணவன், நல்ல கணினியை வைத்துக்கொண்டு வெளியே நிற்பான். பள்ளியில் டெலிமாவைக் கவனிக்கும் ஆசிரியரிடம் முன்னதாகவே புதிய கடவுச்சொல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பள்ளியின் நிர்வாகத்தில் பதிவான கருவி, துடைத்து எழுதிய பிறகும் அதே நிர்வாகத்தில்தான் மறுபடி சேரும். மீட்பு செய்தால் கட்டுப்பாடுகள் போய்விடும் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. போகாது, தம்பிகளே.

மீட்ட பிறகும் சில நாளில் அதே அறிவிப்பு திரும்பினால், பழுது மென்பொருளில் இல்லை. சேமிப்புச் சில்லு தேய்ந்திருக்கலாம், கடைக்குத்தான் போக வேண்டும். இன்னொன்று: ஒவ்வொரு குரோம்புக் மாதிரிக்கும் புதுப்பிப்பு நிற்கும் தேதி ஒன்று உண்டு. 2021 முதல் வெளிவந்த மாதிரிகளுக்கு 10 ஆண்டு வரை புதுப்பிப்பு உண்டு என்று கூகுள் 2023 செப்டம்பரில் அறிவித்தது. பெஸ்தாரிநெட் காலத்துக் குரோம்புக் மீட்பில் எழுந்தாலும் பழைய பதிப்போடுதான் எழும். தட்டச்சுப் பயிற்சிக்குச் சரி, கடவுச்சொல் கொடுத்து வேலை செய்வதற்கு நான் தரமாட்டேன்.

ஐபேடும் ஆண்ட்ராய்டும்

ஐபேடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. விண்டோஸ் கணினியில் ‘ஆப்பிள் டிவைசஸ்’ செயலியை நிறுவி, மீட்பு நிலையில் உள்ள ஐபேடை இணைத்தால், ‘அப்டேட்’, ‘ரிஸ்டோர்’ என்று இரண்டு பொத்தான்கள் வரும். ‘அப்டேட்’ கோப்புகளை அழிக்காமல் இயங்குதளத்தை மட்டும் மறுபடி எழுத முயலும். ‘ரிஸ்டோர்’ எல்லாவற்றையும் துடைக்கும். எப்போதும் ‘அப்டேட்’டே முதலில். இறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் ஐபேடு மீட்பு நிலையிலிருந்து தானாக வெளியே வந்துவிடும். பதறாமல் இறக்கம் முடியட்டும் என்று காத்திருந்து, மறுபடி அந்த நிலைக்குக் கொண்டுபோங்கள்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு வழி. லெனோவோ, மோட்டரோலா கருவிகளுக்கு ‘சாஃப்ட்வேர் ஃபிக்ஸ்’ என்ற விண்டோஸ் மென்பொருள் உண்டு. அதன் மீட்புத் தெரிவும் கோப்புகளைத் துடைத்துவிடும். கணினி டேப்லெட்டை அடையாளம் காணவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவைக் கடத்தாத மலிவு கேபிள்கள் நம் வீடுகளில் ஏராளம். பழைய பொருளாக வாங்கிய டேப்லெட், துடைத்த பிறகு முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கைக் கேட்டால், அது திருட்டுத் தடுப்புப் பூட்டு. அதை உடைத்துத் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருளை நெருங்காதீர்கள். விற்றவரிடமே போய்க் கணக்கை நீக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பென்டிரைவைச் சும்மா அலமாரியில் போடாதீர்கள். அடுத்து வேறு மாதிரிக்குத் தேவையென்றால் அதே மென்பொருளில் பல்சக்கரச் சின்னத்தை அழுத்தி, ‘இரேஸ் ரிகவரி மீடியா’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய நிலைக்கு வரும். இல்லையென்றால் கணினி அதன் கொள்ளளவையே சரியாகக் காட்டாமல் போகலாம், கெட்டுப்போனது என்று யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள். எங்கள் பள்ளியில் ஒரே மாதிரிக் குரோம்புக் பல இருப்பதால் நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதில் ஒரு சிறு தாளைக் கட்டி, மாதிரி எண்ணும் தயாரித்த தேதியும் எழுதியிருக்கிறேன். தாளின் மறுபக்கத்தில் சிவப்பு மையில், “கோப்புகள் எங்கே என்று கேட்டாயா?”

அந்த மாணவி மறுநாளே பாட்டியிடம் திரும்பப் போனாள். பாட்டி சிரித்துக்கொண்டே மறுபடியும் பேசிக் கொடுத்தாராம், ஆனால் இந்த முறை இருபது நிமிடம்தான். அந்தப் பதிவை அவள் டிரைவில் ஏற்றிவிட்டு, எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்தாள்.